ஆயாவுக்குப் பிடிக்காத புழு

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஏழாவது படிக்கிறாள். எப்பப் பாரு புக்கும் கையுமாகத்தான் இருப்பாள். பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘புத்தகப் புழு’ என்று அச்சடித்திருந்தது. ஓடிவந்து ஆயாவிடம் காட்டினாள். என் மாமியாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்துவிட்டு, “இன்னாடி இது? பொட்டப் புள்ளய புயுன்னு எயுதிக் குட்த்துருக்கானுங்க, நீயும் இளிச்சிக்கினு வாங்கினு வந்துக்கிற?” என்று கத்தி, அதைப் பீரோ மேலே தூக்கிப் போட்டுவிட்டார். இப்போது எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் 11 பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிறார்கள். ‘புத்தகப் புழுக்கள்’ என்று பேனர் கட்டப் போகிறார்களாம். அந்தப் பேர் வைத்தால் பேத்தியை அனுப்ப மாட்டேன் என்கிறார் அத்தை. பேனர் கடைக்காரரோ, நடுவில் ‘ப்’ வருமா வராதா என்று கேட்கிறார். இது பாராட்டா, திட்டா? வேறு நல்ல வார்த்தை இருக்கிறதா? இவ்வளவு படித்தால் கண் கெட்டுவிடும் என்றும் அத்தை சொல்கிறாரே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் வேலையாக அந்தச் சான்றிதழைப் பீரோ மேலிருந்து இறக்குங்கள். நம் பக்கம் கடல் காற்று. பீரோ மேல் தூசியும் ஈரமும் சேர்ந்தால் நிஜப் புழுவே வந்துவிடும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வடசென்னைக் கிளை நூலகங்களில் நூலகராக இருந்தவன் நான். புத்தகத்தைத் தின்னும் புழுவையும் பார்த்திருக்கிறேன், புத்தகம் தின்னும் மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் மாமியாரின் காது நல்ல காது. சான்றிதழை அச்சடித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அவர்கள் மனசில் இருந்தது ஓர் இங்கிலீஷ் வார்த்தை. ஆயா படித்தது தமிழ் வார்த்தை. சண்டை அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

இங்கிலீஷில் ‘புக்வர்ம்’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்ததுதான் நம் ‘புத்தகப் புழு’. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வார்த்தை அங்கே புழக்கத்துக்கு வந்தபோது அதுவும் பாராட்டாக வரவில்லை. வெளி உலகம் தெரியாமல், மெழுகுவத்தியைக் கரைத்துக்கொண்டு, ஏட்டுக்குள்ளேயே கிடக்கிற ஆள் என்கிற ஏளனம் அதில் இருந்தது. போகப் போக ஏளனம் தேய்ந்து செல்லம் ஆகிவிட்டது. இன்று அங்கே ஒரு குழந்தையை அப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் கோபம் வராது. அங்கே முந்நூறு நானூறு வருஷம் எடுத்த வேலை நம் ஊரில் ஒரே சான்றிதழில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது இல்லையா?

தமிழில் புழு என்ன பாடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அவமானத்தில் ‘புழுவாய்த் துடித்தேன்’ என்கிறோம். கெட்டுப்போன பண்டத்தைப் ‘புழுத்துப் போச்சு’ என்கிறோம். ஒருவனை அற்பன் என்று சொல்லப் ‘புழுவைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்’ என்கிறோம். ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது முறத்தில் நெளிகிறதே, அந்தப் புழுதான் ஆயாவின் கண்ணுக்கு முதலில் வந்திருக்கும். பிறவிகளை அடுக்கும்போது மாணிக்கவாசகர் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று அடிப்படியில்தான் அதை வைக்கிறார். ‘புழுவாய்ப் பிறக்கினும் புண்ணியா’ என்று அப்பர் பாடும்போதும், அதைவிடக் கீழான பிறவி இல்லை, அதுவே வந்தாலும் உன் அடியை மறவாத வரம் கொடு என்றுதான் கேட்கிறார். இத்தனை நூற்றாண்டுப் பழியைச் சுமந்த சொல்லைப் பெண் பிள்ளையின் பெயருக்குக் கீழே பார்த்தால் ஒரு கிழவிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

புழுவுக்கு நல்ல பேர் கிடைக்கிற இடங்களும் இல்லாமல் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாத வீட்டில் ‘வயித்துல ஒரு புழு பூச்சி கூட உண்டாகல’ என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அங்கே புழு என்றால் ஏங்கிக் கிடக்கிற குழந்தை. மண்புழுவை விவசாயியின் நண்பன் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். காசிமேட்டுப் பக்கம் தூண்டில் போடுகிறவனைக் கேட்டால் புழு இல்லாமல் பொழப்பு ஏது என்பான். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று ஒரு சொலவடை வேறு இருக்கிறது. (குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கொண்டுபோவது தன் குஞ்சுக்குத் தீனியாக. கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் புழுவே குளவியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உவமை அழகு, உயிரியல் பிசகு.)

சரி, நிஜப் புழுவுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கிளை நூலகத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் துப்பறியும் நாவல் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “சார், கொலைகாரன் பேர் இருக்குற எடத்துல ஓட்டை சார்” என்றார். திறந்து பார்த்தேன். குண்டூசி போகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. முன் அட்டைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, நேராகப் போய், பாதிப் புத்தகத்தில் லேசாக வளைந்து, முதுகுப் பக்கம் ஒதுங்கியிருந்தது. பக்கங்களைத் தட்டினேன். சலித்த மாவு மாதிரித் தூள் மேஜையில் கொட்டியது. முதுகுத் துணியைக் கத்தியால் மெல்ல நெம்பினால் உள்ளே வெள்ளையாக, அரிசியில் பாதி நீளம், கொக்கி போல வளைந்து ஓர் உருப்படி. வெளிச்சம் பட்டதும் நெளியக்கூட அதற்குத் தெம்பில்லை.

புத்தகப் புழு என்பது அதுதான். சரியாகச் சொன்னால் அது புழு இனமே அல்ல, ஒரு சின்ன வண்டின் குஞ்சு. தாய் வண்டு புத்தகத்தின் முதுகிலோ ஓரத்திலோ முட்டை வைக்கும். குஞ்சு பொரிந்ததும் காகிதத்தையும் பசையையும் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டும். வளர்ந்து இறக்கை முளைத்ததும் ஒரு வட்ட ஓட்டை போட்டு வெளியே பறந்துவிடும். ஓட்டையை நாம் பார்க்கும்போது பெரும்பாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

புத்தகத்தைத் திறந்ததும் வெள்ளியாக மின்னிக்கொண்டு ஓடி ஒளிகிறதே வால் நீண்ட பூச்சி, அது வேறு. அது துளைக்காது. காகிதத்தின் மேல்பரப்பையும் பைண்டிங் பசையையும் சுரண்டும். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1665-ல் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தது இந்த வெள்ளிப் பூச்சியைத்தான். அவரும் அதற்குப் புத்தகப் புழு என்றே பேர் வைத்து, வண்டுக் குஞ்சு போட்ட ஓட்டைகளின் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டார். மூன்றாவது, கரையான். அதற்குச் ‘செல்’ என்று ஒரு பேர் உண்டு. ‘செல்லரிச்ச புத்தகம்’ என்கிறோமே, அதுதான். கரையான் ஓட்டை போடுவதோடு நிற்காது, புத்தகத்தையே இல்லாமல் ஆக்கிவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வருத்தம். இங்கிலீஷைப் பெயர்க்கத் தேவையே இருந்திருக்காது. ஓலைச் சுவடி துளைக்கும் பூச்சிக்குத் தமிழில் ‘இராமபாணம்’ என்று அட்டகாசமான பேர் இருந்தது. ஒரே அம்பு ஏழு மராமரத்தைத் துளைத்துப் போன மாதிரி ஏட்டுக்கட்டை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருவதால் அந்தப் பேர் வந்திருக்கும் என்பது என் ஊகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழஞ்சுவடிகளைத் தேடி அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை, எழுத்துகளின் மேல் ‘பாணக்கலப்பை’ மறுத்து மறுத்து உழுது கிடப்பதாகத் தம் பதிப்புரை ஒன்றில் புலம்பியிருக்கிறார். பாணப் பூச்சி ஏர் பிடித்து உழுகிறது! சுவடி கையில் பொடிந்து உதிர்கிற வேதனையிலும் அந்த மனிதருக்கு உவமை தப்பவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு ‘இராமபாணங்கள்’ என்று பேர் வைக்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆயாவுக்கு ராமர் பேர் கேட்டால் சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் தெருப் படிப்பகம் என்கிறீர்கள். நம் பக்கத்துப் படிப்பகங்களின் சுவரில் யார் யார் படம் மாட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெரியார் படத்துக்குக் கீழே இராமபாணம் என்று பேனர் கட்டினால் பிள்ளைகள் படிப்பதற்கு முன்னால் பெரியவர்கள் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம்.

இந்தப் புழுப் பேர் தொற்றிக்கொண்டது நம்மை மட்டுமில்லை. சௌகார்பேட்டையில் ஓர் இந்திக்கார வீட்டில் கேளுங்கள், ‘கிதாபி கீடா’ என்பார்கள். பெரம்பூரில் தெலுங்கு பேசுகிற வீட்டில் ‘புஸ்தகால புருகு’ என்பார்கள். இரண்டும் புழு பூச்சிதான். ஜெர்மன்காரர்கள் படிக்கிற எலி என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நூலக எலி. இந்தோனேசியாவில் புத்தகப் பேன்! டென்மார்க்கிலோ படிக்கிற குதிரை என்று கௌரவமாக ஒரு பேர். புழு, பேன், எலி என்று உலகம் முழுக்க வைத்திருப்பதைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. இந்தப் பேரை வைத்தவர்கள் படிக்கிறவர்கள் அல்ல, படிக்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டவர்கள். ‘தண்ணி மொண்டு வாடி’ என்று நாலு தடவை கூப்பிட்டும் நிமிராத பெண்ணைப் பெற்றவளுக்குத்தான் அந்தக் கோபம் தெரியும். உங்களுக்கும் தெரியாமல் இருக்காது.

அதனால் இது பாராட்டா, திட்டா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. யார், யாரைப் பார்த்து, எந்த முகத்தோடு சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ‘நான் ஒரு புத்தகப் புழு’ என்று உங்கள் மகளே சொல்லிக்கொண்டால் அதில் ஒரு குறும்பும் பெருமையும் இருக்கிறது. சிநேகிதி சொன்னால் கிண்டல். ‘உன் பொண்ணு புத்தகப் புழுவா இருக்கா, நாலு பேர்கிட்ட பழக மாட்டேங்குறா’ என்று ஒரு சொந்தக்காரர் சொன்னால் அது குத்தல். அச்சடித்து, சட்டம் போட்டு, முத்திரை குத்தி மேடையில் கொடுத்தால்? கொடுத்தவர்கள் முகம் சான்றிதழில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. எழுத்து மட்டும்தான் வரும். செல்லப் பெயர்கள் வாயில் இருக்கும் வரைதான் செல்லம். ஒருத்தியைப் ‘பூனைக்குட்டி’ என்று கூப்பிடலாம், ஆதார் அட்டையில் போட முடியுமா?

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ‘படிப்ஸ்’ என்பார்கள், கேட்டிருப்பீர்கள். முன்பெஞ்சில் உட்கார்ந்து, நோட்ஸை உருப்போட்டு, ஒரு மார்க் குறைந்தால் அழுகிற கட்சி. புத்தகப் புழு அந்த ரகம் இல்லை. படிப்ஸ் பாடப் புத்தகத்தை மூடாது. புழுவோ அதற்குள்ளே கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொள்ளும். பரீட்சைக்கு முந்தின நாள் எதற்கும் உதவாத ஒரு நாவலை முடித்தே தீருவேன் என்று உட்கார்ந்திருப்பது புழுதான். வடை மடித்துக் கொடுத்த பேப்பரை எண்ணெய்க்கு மேலேயே படிப்பதும், சரஸ்வதி பூஜை அன்று புத்தகமெல்லாம் படத்துக்கு முன்னால் போய்விட்டதே என்று மளிகைப் பையில் அச்சடித்ததைப் படிப்பதும் அதே ஜாதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்.

வேறு வார்த்தை கேட்டீர்கள். இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை உண்டு.

‘நூலார்வலர்’ என்பது அரசாங்கக் கடுதாசி வாடை. மனுவில் எழுதலாம், தெருவில் கூப்பிட முடியாது. ‘புத்தகப் பிரியர்’ என்றால் எனக்குத் தோசைப் பிரியர் நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘புத்தகப் பைத்தியம்’ நன்றாகத்தான் இருக்கும். சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்று நாம் அன்பாகவே சொல்கிறோம், பித்து என்பது நம் ஊரில் சாமிக்கே உள்ள பேர். ஆனால் புழுவுக்கே சண்டை போட்ட ஆயாவிடம் பைத்தியம் என்று போய் நிற்க நான் தயாரில்லை.

புத்தகம் சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். இங்கிலீஷில் ‘பிப்லியோஃபைல்’ என்பார்கள், கிரேக்கத்தில் நூலை நேசிப்பவர் என்று அர்த்தம். நேசிப்பு முற்றிப் போனால் ‘பிப்லியோமேனியா’. வாங்கி வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமல் இருப்பதற்கு ஜப்பானியர்கள் ‘சுண்டோகு’ என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தவரை, சனி ஞாயிறு ஆனால் அங்கே பழைய புத்தகக் கடைகளைக் குடைந்துகொண்டிருந்த ஆட்கள் நம் வடசென்னையில் ஏராளம். 1985-ல் அது தீப்பிடித்து எரிந்தபோது வீட்டில் இழவு விழுந்த மாதிரி அழுதவர்களை எனக்குத் தெரியும். சேர்ப்பதும் படிப்பதும் ஒருவரிடமே சேர்வது அபூர்வம். கடற்கரைக் குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்த சிங்காரவேலர் அப்படிப்பட்டவர். பெரிய சொந்த நூலகம் வைத்திருந்தார், அதைப் படித்தும் இருந்தார். 1923-ல் இந்த ஊரில் மே தினம் கொண்டாடியது அந்தப் படிப்பாளிதான். கலெக்டர் ஆபீஸ் போகும்போது வாசலில் ‘சிங்காரவேலர் மாளிகை’ என்று இருக்குமே, அவர்தான்.

‘வாசகர்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு விஷயம். இன்று படிப்பவரைத்தான் வாசகர் என்கிறோம். ஆனால் மாணிக்கவாசகர் பேரில் இருக்கிற வாசகர் படிப்பவர் அல்ல. மாணிக்கம் போன்ற வாசகங்களைச் சொன்னவர். வாய்விட்டுச் சொல்வதுதான் அந்தச் சொல்லின் வேர். வீணை வாசிக்கிறோம், பத்திரம் வாசித்துக் காட்டுகிறோம். அங்கெல்லாம் சத்தம் இருக்கிறது. உதட்டை மூடிக்கொண்டு தனியாக மூலையில் உட்கார்ந்து படிக்கிற ஆளுக்குப் பழைய தமிழில் தனிப் பேர் கிடையாது என்பது என் எண்ணம். கற்றவருக்குப் பேர் இருக்கிறது, கேட்பவருக்கு மரியாதை இருக்கிறது. குறளில் கல்விக்கு ஒரு அதிகாரம், கல்லாமைக்கு ஒன்று, உடனே அடுத்து கேள்விக்கு ஒன்று. ‘கற்றில னாயினுங் கேட்க’ என்கிறார். படிக்கவில்லையா, பரவாயில்லை, கேள்.

நம் படிப்பகங்கள் அந்த வழியில் வந்தவைதான். பின்னி மில் ஓடிய காலத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் படிப்பகத் திண்ணையில் உட்கார, ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் பீடியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நடுவில் ஒருவர் ‘திரும்பப் படி’ என்பார். உங்கள் மாமியார் வயதுக்கு, அவரும் ஏதோ ஒரு திண்ணையில் இப்படிக் கேட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பார். அந்தக் காதுதான் ‘புழு’வில் சட்டென்று நின்றுவிட்டது.

என் சிபாரிசு ‘படிப்பாளிகள்’. சாதாரண வார்த்தை என்று தோன்றும். கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். தொழிலாளி, உழைப்பாளி, பாட்டாளி, படிப்பாளி. நம் ஏரியாவில் இந்த ‘ஆளி’க்கு ஒரு கனம் இருக்கிறது. ஹார்பரும் மில்லும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் வளர்த்த ஊர் இது. (எல்லா ஆளியும் நல்ல ஆளி இல்லை, கடனாளியும் நோயாளியும் உண்டு.) டீக்கடையில் ஒரு பையனைக் காட்டி ‘நல்ல படிப்பாளிப்பா’ என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கிற மரியாதையை இங்கிலீஷிலிருந்து பெயர்த்த எந்தச் சொல்லாலும் கொண்டுவர முடியாது. மார்க் வாடை கொஞ்சம் அடிக்கும் என்று பிள்ளைகள் சொல்லலாம். பாடப் புத்தகம் இல்லாத இடத்தில் அந்தப் பேரை மாட்டினால் அது தானாகப் போய்விடும்.

பிள்ளைகள் 11 பேரும் புழுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்? பேர் அவர்களுடையது. உள்ளே, அவர்களுடைய நோட்டில், புழுக்கள் என்று வைத்துக்கொள்ளட்டும். தெருவில் கட்டுகிற பேனர் வேறு. அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படிப்பார்கள்.

ஒருவேளை புழுவே ஜெயித்தால், கடைக்காரருக்குப் பதில் இது. ‘ப்’ வரும். புத்தகம், புழு இரண்டும் சேரும்போது ‘ம்’ போய் ‘ப்’ வந்து உட்காரும். மரம், பலகை சேர்ந்தால் மரப்பலகை, பணம், பை சேர்ந்தால் பணப்பை. பேர் என்பதால் சேர்த்தே எழுதலாம். இரண்டு வரியாக உடைத்தால் ‘ப்’ மேல் வரியின் கடைசியில் நிற்க வேண்டும், கீழே இறங்கக் கூடாது. பன்மையில் ‘புழுக்கள்’, க் உண்டு. பசுக்கள், தெருக்கள் மாதிரி. ழ-வில் கவனம். நாம் பேசும்போது ‘புயு’ என்போம், அது நம் பாஷை, அதில் வெட்கம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அவசரமாக அடிக்கிறவர் ‘புளு’ என்று அடித்துவிட்டால் பிள்ளைகள் நீலக் கலராகிவிடுவார்கள்.

கண்ணைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. படிப்பதால் கண் அவிந்து போகாது. ஆனால் நாள் முழுக்கக் கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டு வெளி வெளிச்சத்தில் ஓடி ஆடாமல் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சாயங்காலம் வெளியே விளையாட அனுப்புங்கள். போர்டு மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால் எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1819-லிருந்து இந்த ஊர்க் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்பகத்தில் புத்தகம் போதாது என்றால் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். 1948-ல் வந்த சட்டம் அது, நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எத்தனையோ வருஷம் நடையாய் நடந்தார். ஆகவே அது உங்கள் காசு, கூச்சம் வேண்டாம். அங்கே பழைய நாவல்களை எடுத்தால் 17-ஆம் பக்கத்தையோ 33-ஆம் பக்கத்தையோ திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பேனா முனையில் வைத்த ஒரு சின்னப் புள்ளி, ஒரு பெருக்கல் குறி, ஒரு ‘ல’ இருக்கும். வீட்டுப் பெண்கள் வைத்த அடையாளம். எடுத்த புத்தகத்தையே திரும்ப எடுத்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு குறி. புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று அபராதம் போட வேண்டிய நான், அந்தப் புள்ளிகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரே நாவலில் ஆறு குறிகளை எண்ணியிருக்கிறேன். அந்தப் பெண்களை யாரும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சான்றிதழும் கிடையாது.

சான்றிதழைக் கண்ணாடியை விட்டு வெளியே எடுத்து, ஒரு நாள் காற்றாட வைத்துத் துடைத்து மாட்டுங்கள். நேர் வெயிலில் வேண்டாம், மை வெளுத்துப்போகும். புத்தகம் வைக்கிற இடத்தில் பாச்சை உருண்டை போட்டால் பிள்ளைகளுக்கு மூச்சுக்கு ஆகாது. வசம்பை உடைத்துத் துணியில் முடிந்து வையுங்கள், வேப்பிலை காய்ந்தால் மாற்றுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆயாவையும் படிப்பகத்துக்குக் கூட்டிப் போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேத்தி ஒரு கதையை உரக்கப் படிக்கட்டும். பேர் என்ன வைக்கலாம் என்று பிள்ளைகளே அவரைக் கேட்கட்டும். எந்தப் பேர் முடிவானாலும், பணம் கொடுப்பதற்கு முன் பேனர் கடைக் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஆயாவை முன்னால் நிறுத்தி விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கேயும் தடுக்காமல் அவர் படித்து முடித்தால் அச்சடிக்கச் சொல்லலாம்.